அந்தப் பக்கத்து முகம்

மேக்கப் அறையில் இருந்த டப்பாக்களில் ஒன்றுக்கு மட்டும்தான் பெயர் இருந்தது. உதவி டைரக்டர்களில் ஒரு வாயாடி, வெள்ளை நாடாவில் ‘அந்தப் பக்கம்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். நல்ல கறுப்பு, அதற்கு மேலே கொஞ்சம் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறின மாதிரி ஒரு நிறம். எடுக்கிற படம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரவுடிக் கும்பல்களைப் பற்றியது. நடிக்கிற பெரிய தலைகள் அத்தனை பேரும் இந்தப் பக்கத்தில் ஏசி அறையில் வளர்ந்தவர்கள். அப்புறம் டப்பா இல்லாமல் எப்படி?

டைரக்டரைச் சும்மா குறை சொல்லக்கூடாது. மனுஷன் பாடுபட்டார். பாலத்தைத் தாண்டிப் போய், கிடங்குத் தெருக்களில் நடந்து, டீக்கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். பேட்டி எடுக்க யார் வந்தாலும், “இத்தனை காலமா திரையில இடமே கிடைக்காத ஜனங்க என் படத்துல இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க” என்பார்.

இருந்தார்கள், யார் இல்லை என்றது? வெட்டுகிறவன் அந்தப் பக்கம். வெட்டுப்படுகிறவன் அந்தப் பக்கம். பிணத்தின் மேல் விழுந்து புரண்டு அழுகிறவளும் அந்தப் பக்கம்தான். வக்கீல், டாக்டர், நேர்மையான போலீஸ் அதிகாரி எல்லாம் இந்தப் பக்கம். அங்கேயே பிறந்து படித்து நர்ஸான ஒருத்தி கதையில் வருவாள். அந்த வேஷத்தைக் கேட்டு வந்த அந்தப் பக்கத்துப் பெண் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். “நல்லாத்தான் பண்ணுது, ஆனா நர்ஸுன்னா ஜனங்க நம்பணுமே” என்று டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். நர்ஸ் வேஷம் இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் போனது, மூன்று பூச்சு டப்பாவோடு. கேட்டு வந்தவளுக்குப் பிணத்தின் மேல் விழுகிற வேலை.

அவளையும் மேக்கப் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டைரக்டர் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அக்கா, இவங்களுக்கும் ஒரு கோட் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“நான் அங்கதாங்க்கா இருக்கேன்” என்றாள் அந்தப் பெண். “என் கலர் அந்த இடத்துக் கலர் இல்லையா? நாங்க இவ்வளவு அழுக்காவா இருக்கோம்?”

“லைட்டுக்காகம்மா. லைட்டு எல்லாத்தையும் வெளுத்துக் காட்டிடும்” என்றாள் மேக்கப்காரி. வாய் கூசாமல் வந்தது பொய்.

இந்த மேக்கப்காரியைப் பற்றித்தான் கதை. யூனிட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் மேக்கப் அக்கா. கை சுத்தம், வாய் சுத்தம், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள். அந்த டப்பாவைக் கலந்தவளும் அவள்தான். ஒரே தடவையில் நிறம் எப்படி இவ்வளவு கச்சிதமாக வந்தது என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதில் ஒரு மந்திரமும் இல்லை. மேக்கப்காரர்கள் நிறத்தைத் தங்கள் முன்கையில் தடவித்தான் பார்ப்பார்கள். அவள் தன் கையில் தடவினாள், கைக்கும் பூச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற வரைக்கும் கலந்தாள், அதற்கு மேலே அழுக்கைச் சேர்த்தாள். அவள் பிறந்து வளர்ந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை வீட்டில்.

இது யூனிட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவள் பொய் சொல்லி மறைத்தாள் என்றும் சொல்ல முடியாது. “எங்கக்கா வீடு?” என்று கேட்டால் இப்போது வாடகைக்கு இருக்கிற இந்தப் பக்கத்துத் தெருவைச் சொல்வாள். அது உண்மைதானே! இப்படி உண்மையை வைத்தே பொய்யை ஓட்டுகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது.

பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு மிச்சம் ஒரே அண்ணன். அவளை மேக்கப் படிக்க வைத்ததும் அவன்தான். இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் முகத்தில் காதோரத்திலிருந்து உதட்டு முனை வரைக்கும் ஒரு தழும்பு. சின்ன வயதில் ஒரு மழைக்காற்றில் கூரைத் தகரம் பறக்கப் பார்த்தபோது, பிடித்துக்கொண்டு தொங்கினான். தகரம் முகத்தைக் கிழித்துவிட்டது. கதை அவ்வளவுதான். ஆனால் இந்தத் தழும்பை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுவது சாதாரணமா? பிள்ளைகளை ஏற்றிவிடுகிற அம்மாக்கள் முதலில் வேன் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து வேவு பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை வாங்கி வைத்தான், ஷூ லேஸைக் கட்டிவிட்டான், தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கொடுத்தான். வருஷக் கணக்கில் இப்படிச் செய்து சம்பாதித்த நம்பிக்கை அது. இப்போது பிள்ளைகளுக்கு அவன் கோடு மாமா. “கோடு மாமா வந்தாச்சு!” என்று தெருவே கூப்பாடு போடும்.

சில நாள் வேலை முடிகிற நேரத்தில், யூனிட் ஆட்கள் கண்ணில் படாத பஸ் ஸ்டாப்புக்கு வந்து தங்கச்சியை ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவான். தெரு முக்கு வந்ததும் அவள், “இங்கயே நிறுத்துண்ணே. உள்ள வண்டி திருப்ப இடம் இல்ல” என்பாள். அவனும் முக்கிலேயே நிறுத்துவான். தெருவுக்குள் இடம் இருந்ததா என்று கேட்டால், லாரியே திருப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்து யார் என்று கேட்டுவிடக் கூடாது. அதற்காக அந்த இடம் இல்லாமல் போயிற்று.

இப்போது படத்துக்கு வருவோம். நாயகனுக்கு முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வேண்டும். அவள் ஒன்று போட்டுக் காட்டினாள். “பொம்மை மாதிரி இருக்கு” என்றார் டைரக்டர். இன்னொன்று போட்டாள். “தையல் பிரிஞ்ச தலகாணி மாதிரி இருக்கு.” நாயகன் வேறு பெருமூச்சு விட்டு மணி பார்த்தான். அவளுக்கு மானம் போயிற்று. வீட்டுக்குப் போய் போனைத் தடவினபோது அண்ணன் போட்டோ ஒன்று கிடைத்தது. அவன் மகள் குழந்தையாக இருந்தபோது அவளே எடுத்தது. குழந்தை தோளில் உட்கார்ந்து அப்பன் காதைப் பிடித்து இழுக்கிறது, எதிர் வெயில் கண்ணைக் குத்துகிறது, அவன் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கிறது. தழும்பு வரி வரியாகத் தெரிந்தது. தோல் எங்கே இழுத்திருக்கிறது, எங்கே மினுக்குகிறது, எல்லாம் அப்பட்டம்.

குழந்தையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டாள். வெட்டினதில் ஒரு சின்னத் தவறு. காதோரத்தில் குழந்தையின் விரல்கள் மட்டும் மிச்சம் நின்றுவிட்டன. தழும்புக்கு அது இடைஞ்சல் இல்லை என்று அப்படியே மேக்கப் அறைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

தழும்பு பிரமாதமாக வந்தது. டைரக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அப்புறம்தான் அவர் கண் கண்ணாடி ஓரத்துக்குப் போனது.

“யாருக்கா இது? என்ன முகம்! என்ன முகம்யா இது!”

அவள் வாயைத் திறப்பதற்குள் நாயகன் நாற்காலியில் சுழன்று பார்த்து, “பார்த்தாலே தெரியலை? ரெண்டு மூணு கொலையாவது பண்ணியிருப்பான்” என்றான். அறையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான், அந்தச் சிரிப்புதான், பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

“சொல்லுங்கக்கா, யாரு?”

எங்க அண்ணன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகாது. அவள் பஞ்சைப் பிழிந்துகொண்டே, “அந்தப் பக்கத்து ஆளு சார். பழைய ரவுடின்னு சொன்னாங்க” என்றாள்.

டைரக்டர் குனிந்து பார்த்தார். “இந்த விரலைப் பாருங்க. எவனோ இவனைப் புடிச்சு இழுக்கிறான். சண்டையில எடுத்த படம் போல. அடடா, என்ன புடி!” என்று தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

படம் முடிந்தது. வெளியாவதற்கு முன்னால் யூனிட்டுக்கு மட்டும் ஒரு காட்சி போட்டார்கள். கதை முடிந்து திரை இருண்டதும், ‘இவர்கள்தான் நிஜம்’ என்று எழுத்து வந்தது. அதன் பின்னால் கறுப்பு வெள்ளையில் அந்தப் பக்கத்து முகங்கள், ஒவ்வொன்றாக. டீக்கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர், ஜெயிலுக்குப் போய் வந்த ரெண்டு பேர். கடைசியாக, சுவர் அளவுக்கு, அவள் அண்ணன். மற்ற முகங்களெல்லாம் வந்ததும் போயின. இது மட்டும் நின்றது, நின்றது, போகவே இல்லை.

வெளியே வந்ததும் டைரக்டரைத் தேடிப் போனாள். நாயகன், டப்பாவுக்குப் பெயர் ஒட்டின அந்த வாயாடி, இன்னும் நாலு பேர் சுற்றி நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சார், அந்தக் கடைசி போட்டோ... அதை எடுத்துட முடியுமா?”

“அதையா? படத்தோட உசிரே அதுலதானக்கா இருக்கு!”

“இல்ல சார், அந்த ஆளு பார்த்துட்டுப் பிரச்சினை பண்ணினா?”

“கொலை பண்ணினவன் கேஸ் போடப் போறானா?” என்று நாயகன் நடுவில் புகுந்தான். மறுபடியும் சிரிப்பு.

டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். “ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்கக்கா. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு, தூக்கிடலாம்” என்று அவள் முகத்தையே பார்த்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வா என்கிறார் மனுஷர். அவள் நாயகனைப் பார்த்தாள், வாயாடியைப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ரவுடி என்று சொன்னது என்ன ஆகும், கூடச் சேர்ந்து சிரித்தது என்ன ஆகும்?

“ஒண்ணும் இல்ல சார், சும்மா கேட்டேன்” என்றாள். அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. பிடுங்கிக்கொள்ளவில்லை, பல்லைக் காட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அங்கே அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. ‘என் தங்கச்சி மேக்கப் போட்ட படம், பெரிய தியேட்டர்ல வருது’ என்று வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிற அம்மாக்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். வெளியான அன்று விடுமுறை. மத்தியானக் காட்சிக்கு மூன்று டிக்கெட், அவனுக்கு, மகளுக்கு, தங்கச்சிக்கு. அண்ணிக்கு வேலை.

“வேணாம்ண்ணே. படம் ஒரே வெட்டுக்குத்து. சின்னப் பொண்ணு வேற.”

“உன் மருமக பன்னெண்டாவது படிக்கிறா, சின்னப் பொண்ணாம்! நாங்க வெட்டுக்குத்தையா பார்க்க வர்றோம்? உன் வேலையைப் பார்க்க வர்றோம். கிளம்பு பாப்பா.”

அவளை அண்ணன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

தியேட்டரில் நாயகன் முகம் முதல் தடவை வந்ததும் அண்ணன் அவளை முழங்கையால் இடித்தான். “ஏய், இது என் கோடுடீ!” என்று சந்தோஷமாகச் சிரித்தான். அவனுக்கு அதில் கோபம் துளிகூட இல்லை, பெருமைதான். மகள் காதில் வேறு ஓதினான், “பார்த்தியா, உங்க அத்தை என் மூஞ்சியை ஹீரோவுக்கு ஒட்டிட்டா.” அவளுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது.

கதை முடிந்தது. அவள் துள்ளி எழுந்தாள்.

“வாங்க, வாங்க. கூட்டம் மொத்தமும் வெளிய வந்துட்டா வண்டியை எடுக்க முடியாது.”

“உக்காரு பாப்பா. உன் பேரு இன்னும் வரலையே.”

“பேரு என்னண்ணே பேரு, பொடி எழுத்துல வரும், கண்ணுக்கே தெரியாது.”

“தெரியுற வரைக்கும் பார்க்கிறேன்” என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிடித்த கையை விடவில்லை.

முகங்கள் வந்தன. டீக்கடைக்காரர் வந்ததும், “அட, நம்ம ஆளு!” என்றான். மூட்டை தூக்குகிறவர் வந்தார். ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் வந்தார்கள். அப்புறம் அவன் வந்தான்.

முன் வரிசையில் எவனோ, “யப்பா, மூஞ்சியைப் பாரு!” என்றான். எவனோ விசில் அடித்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது?

மருமகள்தான் இருட்டில் சாய்ந்து, “அத்தை” என்றாள். “அது என் கை. அப்பா காதைப் புடிச்சிருக்கிறது என் கை அத்தை. என்னை எங்க?”

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேக்கப் என்று வந்து, அதன் பக்கத்தில் அவள் பெயர் வந்தது. அண்ணன் கைதட்டினான். காலியாகிக்கொண்டிருந்த தியேட்டரில், சொல்லிவிட்டு வந்த கடமையைச் செய்கிற மாதிரி, அவன் ஒருத்தன் மட்டும் தட்டினான்.

வேன் நிறுத்துகிற இடத்துக்கு வருவதற்குள் அவன் போன் அடித்தது. வேனில் வருகிற ஒரு பிள்ளையின் அம்மா, காலைக் காட்சி பார்த்தவள். “இல்லங்கம்மா... சரிங்கம்மா... நீங்களே பிள்ளையை ஸ்கூல்ல விடறதுன்னா விடுங்கம்மா” என்று அவன் பேசுகிற பக்கம் மட்டும் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனைக் கிளப்பினான். பின் சீட்டில் ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. மருமகள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ரொம்ப தூரம் போன பிறகு அண்ணன் வாயைத் திறந்தான். “எங்கயாவது உன் போன்லேர்ந்து எடுத்திருப்பாங்க. நான் உன் அண்ணன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டாங்க, இல்ல?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வண்டியை நிறுத்திக் கீழே தள்ளியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தப்பித்துக்கொள்ள அவனே வழியும் போட்டுக் கொடுக்கிறான்!

“அவங்களுக்குத் தெரியாதுண்ணே. நான் சொல்லல” என்றாள். “யாருன்னு கேட்டாங்க. பழைய ரவுடின்னு சொன்னேன். போட்டோவைத் தூக்கிடறேன்னுகூட டைரக்டர் சொன்னாரு, காரணம் கேட்டாரு. அப்பவும் சொல்லல.”

அண்ணன் கியரை மாற்றினான்.

அவள் அழுதுகொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, டைரக்டருக்கு அடித்தாள். “சார், அந்தக் கடைசி போட்டோ. அது எங்க அண்ணன் சார். கூடப் பிறந்த அண்ணன்.” அண்ணன், மருமகள் இரண்டு பேர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்.

டைரக்டர் குரல் வேனுக்குள் கணீரென்று கேட்டது. “அக்கா! முன்னாடியே சொல்லக் கூடாதா? அண்ணன் எத்தனை வருஷம் உள்ள இருந்தாரு? ஒரு பேட்டி கொடுப்பாரா? படத்துக்குப் பெரிய பலமா இருக்கும்க்கா.”

“அவர் ஸ்கூல் வேன் ஓட்டுறாரு சார்” என்றாள் அவள்.

“இப்ப திருந்திட்டாரா? அருமை!”

அண்ணன் இடது கையை நீட்டி அந்தப் போனை வாங்கி, அணைத்து, அவள் மடியில் வைத்தான்.

தெரு முக்கு வந்தது. இந்தத் தடவை அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அவனாகவே ஓரம் கட்டி நிறுத்தினான்.

“உள்ள வாண்ணே. வாசல் வரைக்கும் வா” என்றாள்.

“வேணாம் பாப்பா.”

“உள்ள வண்டி திருப்ப இடம் இருக்குண்ணே. நிறைய இடம் இருக்கு.”

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவுக்குள் பார்த்தான். “தெரியும்” என்றான். “இத்தனை வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறேன். எங்க வண்டி திரும்பும், எங்க திரும்பாதுன்னு எனக்குத் தெரியாதா? இறங்கு.”

அவள் இறங்கினாள். மருமகள் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள், அத்தையைப் பார்க்கவில்லை. வேன் அந்த முக்கிலேயே முன்னும் பின்னுமாக நகர்ந்து சிரமப்பட்டுத் திரும்பி, பாலத்தைப் பார்த்துப் போனது.